குரோஷே கேள்வி–பதில்: டாங்கோ ஏன் எலுமிச்சை ஆகிறது?

ஜப்பானின் பாரம்பரிய இனிப்புகளுக்கு வகாஷி என்று பெயர். அரிசி மாவு, பசை அரிசி, காராமணிக்கு உறவான அசுகி என்ற சிவப்புப் பயறு, சர்க்கரை இவைதான் பெரும்பாலும் மூலப்பொருள். டாங்கோ என்பது குச்சியில் கோத்த அரிசி மாவு உருண்டை, மோச்சி என்பது பசை அரிசியில் செய்யும் மென்மையான பிசைவு. அங்கே ஜூன் 16 வகாஷி தினம். இந்த இனிப்புகளைக் குரோஷேயில் சின்னச் சின்ன அமிகுருமியாகப் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். ‘அமி’ என்றால் பின்னல், ‘நுயிகுருமி’ என்றால் பஞ்சடைத்த பொம்மை. இரண்டும் சேர்ந்ததுதான் அமிகுருமி.

கீழே வரும் எல்லாக் கணக்கும் மில்க் காட்டன் நூலுக்கும் 2.5 மி.மீ. ஊசிக்கும் உரியவை. ஒரு சிங்கிள் குரோஷே ஏறத்தாழ 4.5 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரம் வரும். ‘கண்ணி’ என்று மட்டும் சொன்னால் அது சிங்கிள் குரோஷே. ‘கூட்டல்’ என்றால் ஒரே கண்ணியில் இரண்டு போடுவது, ‘குறைத்தல்’ என்றால் இரண்டை ஒன்றாக்குவது. கண்ணியின் தலையில் தெரியும் இரண்டு இழைகளில் உங்கள் பக்கம் இருப்பது ‘முன் இழை’, மறுபக்கம் இருப்பது ‘பின் இழை’.

கேள்வி: மேஜை விரிப்பு, வாசல் தோரணம் எல்லாம் குரோஷேயில் போட்டுப் பழக்கம். பொம்மை போட்டதில்லை. எந்த நூல், எந்த ஊசி வாங்குவது? விரிப்பு போடும் மெல்லிய ஊசியே போதுமா?
(வாசகி, கும்பகோணம்)

விரிப்புக்கு இடைவெளிதான் அழகு. பொம்மைக்கு இடைவெளியே ஆகாது, உள்ளே இருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்கும். அதனால் நூல் உறையில் எழுதியிருக்கும் ஊசி எண்ணை விட 1 மி.மீ. குறைத்து எடுங்கள். உறையில் 3.5 என்று இருந்தால் 2.5 சரி. விரிப்பு ஊசி மில்க் காட்டனுக்கு மிகச் சன்னம், நூலைப் பிளந்துவிடும்.

சோதனை சுலபம். மேஜிக் ரிங்கில், அதாவது வாலை இழுத்தால் சுருங்கும் தொடக்க வளையத்தில் 6 கண்ணி, அடுத்த சுற்று 12, அடுத்தது 18 போட்டு, அந்த வில்லையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் தலையை விடப் பெரிய ஓட்டைகள் தெரிந்தால் ஊசியை இன்னும் குறைக்க வேண்டும்.

நூலின் பளபளப்பையும் கவனியுங்கள். மோச்சி வகைகளின் மேல் மாவு தூவியிருக்கும், மினுங்காது. அதற்கு மில்க் காட்டன் போன்ற மங்கல் நூலே பொருத்தம். மெர்சரைஸ் செய்த பளபள பருத்தி நூலை யோகானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அகர் அகர் சேர்த்து இறுக வைத்த பயற்றுக் கட்டி அது, வெட்டிய முகம் கண்ணாடி போல மின்னும்.

இவை போக, மழுங்கிய முனையுள்ள கம்பளி ஊசி ஒன்று, ஸ்டிச் மார்க்கர் இரண்டு, பாலியெஸ்டர் பஞ்சு, சின்னக் கத்தரி இருந்தால் போதும்.

கேள்வி: மூவண்ண டாங்கோ போட்டேன். உருண்டையாக வராமல் இரண்டு பக்கமும் கூராக, எலுமிச்சம்பழம் போல வருகிறது. மூன்றும் மூன்று அளவு வேறு. எங்கே தப்பு?
(வாசகி, மதுரை)

நீங்கள் போட்டது ஹனாமி டாங்கோ. வசந்த காலத்தில் சகுரா என்ற செர்ரிப் பூக்களைப் பார்க்கக் கூடும்போது சாப்பிடுவது. மேலே இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. இந்த வரிசையை மாற்றக் கூடாது, மாற்றினால் பார்ப்பவர்களுக்கு அது ஹனாமி டாங்கோவாகத் தெரியாது.

முதலில் கணக்கு:
சுற்று 1: மேஜிக் ரிங்கில் 6
சுற்று 2: எல்லாவற்றிலும் கூட்டல், 12
சுற்று 3: 1 கண்ணி, 1 கூட்டல் என 6 முறை, 18
சுற்று 4, 5, 6: மாற்றமில்லாமல் 18
சுற்று 7: 1 கண்ணி, 1 குறைத்தல் என 6 முறை, 12
சுற்று 8: 6 குறைத்தல், 6

இது சுமார் 2.5 செ.மீ. உருண்டை. ஒன்றுக்கு 4 மீட்டர் நூல் எடுத்து வைத்தால் வால் விடவும் மிஞ்சும்.

எலுமிச்சை ஆவதற்கு மூன்று காரணங்கள். நடுச் சுற்றுகள் அதிகமாவது முதல் காரணம். மூன்றுக்குப் பதில் ஐந்து சுற்று போட்டாலே உருண்டை நீண்டுவிடும். மார்க்கர் இல்லாமல் சுருளாகப் போகும்போது ஒரு சுற்று கூடுவது தெரியவே தெரியாது. இரண்டாவது, பஞ்சைக் கடைசியில் ஒரே கட்டியாகத் திணிப்பது. அது நேராக அடியில் போய் இடித்து மேஜிக் ரிங் முனையைத் துருத்த வைக்கும். பஞ்சைக் கையால் நன்றாகப் பிரித்து உதறி, கோழிமுட்டை அளவு எடுத்து, 7-ஆம் சுற்று முடிந்ததும் உள்ளே விட்டு, முதலில் பக்கவாட்டுச் சுவர்களை நோக்கித் தள்ளுங்கள். நடு கடைசியில் தானாக நிரம்பும்.

மூன்றாவது, மூடுவது. கடைசி 6 கண்ணிகளை அப்படியே சுருக்கிக் கட்டினால் முலைக்காம்பு போல ஒரு முடிச்சு நிற்கும். நூலைக் கம்பளி ஊசியில் கோத்து, 6 கண்ணிகளின் முன் இழையில் மட்டும் வெளிப்பக்கமிருந்து நுழைத்துச் சுருக்குங்கள். பிறகு ஊசியை அந்த மையத்திலேயே உள்ளே விட்டு, உருண்டையின் பக்கவாட்டில் எங்காவது வெளியே எடுத்து ஓர் இழு இழுங்கள். முனை உள்ளே அமிழ்ந்துவிடும். அந்த இழுப்பை விடாமல் இன்னொரு முறை குறுக்கே ஊசி ஓட்டி வெட்டிவிடுங்கள்.

மூன்றும் மூன்று அளவாக வருவது ஊசியில் நூலை எடுக்கும் விதத்தால். கண்ணிக்குள் ஊசியை விட்டு நூலை மேலிருந்து சுற்றி எடுத்தால் கண்ணி விரிந்த கவட்டை போல விழும். நூலின் மேலே ஊசியை வைத்துக் கொக்கியால் கீழிருந்து அள்ளினால் பெருக்கல் குறி போல விழும். இரண்டாவது வகை இறுக்கமானது, அதே எண்ணிக்கையில் உருண்டை சற்றுச் சிறுக்கும். எது வேண்டுமானாலும் போடலாம், ஒரே குச்சியில் இரண்டையும் கலக்காதீர்கள். குறைத்தலை எப்போதும் அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளின் முன் இழைகளில் மட்டும் ஊசி விட்டுப் போடுங்கள், ஓட்டை விழாது.

குச்சிக்கு 3 மி.மீ. மூங்கில் குச்சி போதும். நுனியை வெட்டி உப்புத்தாளில் தேய்த்துவிடுங்கள். கீழ் இரண்டு உருண்டைகளில் மேஜிக் ரிங்கை இழுத்து இறுக்காமல் குச்சி நுழையும் அளவு விட்டு, கோத்த பிறகு வாலை இழுத்து முடியுங்கள். மேல் உருண்டையின் உச்சியை முழுதாக மூடி, குச்சி அதற்குள்ளேயே நிற்கும்படி ஒரு சொட்டுப் பசை வையுங்கள். மூன்றும் கீழே வழுக்கி இறங்காது.

கேள்வி: டைஃபுகு போட்டால் வெள்ளைப் பந்து போல இருக்கிறது. கண் வைத்தாலும் கோழிக்குஞ்சு என்கிறார்கள். அசல் மோச்சியின் அந்தத் தொய்வு எப்படிக் கொண்டுவருவது?
(வாசகி, சேலம்)

அசலைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்தால் விடை கிடைத்துவிடும். டைஃபுகு என்பது மெல்லிய மோச்சித் தோலுக்குள் இனிப்புப் பயற்று விழுது, அதாவது அங்கோ. தோல் மென்மை, உள்ளே கனம். தட்டில் வைத்தவுடன் அது அடியில் படிந்து, நடுவுக்குக் கீழேதான் அதிகம் புடைத்து நிற்கும். பந்துக்கு அகலமான சுற்று நடுவில், மோச்சிக்கு அது கீழே. இந்த ஒரு மாற்றத்தை எண்ணிக்கையில் செய்யாமல், பஞ்சைக் குறைத்தோ கையால் அமுக்கியோ கொண்டுவர முடியாது. அமுக்கியது மறுநாள் எழும்பிவிடும்.

மேலிருந்து தொடங்குங்கள்:
சுற்று 1: 6
சுற்று 2: 12
சுற்று 3: 18
சுற்று 4: 2 கண்ணி, 1 கூட்டல் என 6 முறை, 24
சுற்று 5: மாற்றமில்லை, 24
சுற்று 6: 3 கண்ணி, 1 கூட்டல் என 6 முறை, 30
சுற்று 7, 8: மாற்றமில்லை, 30
சுற்று 9: பின் இழையில் மட்டும், 3 கண்ணி, 1 குறைத்தல் என 6 முறை, 24
சுற்று 10: 18
சுற்று 11: 12
சுற்று 12: 6

5-ஆம் சுற்றில் ஒரு முறை நின்று, 6-இல் மறுபடி விரிவதுதான் தொய்வைத் தருகிறது. 9-ஆம் சுற்றில் பின் இழையை மட்டும் எடுப்பதால் அங்கே ஒரு மடிப்பு விழும், அடி தட்டையாக உட்காரும். இந்தச் சுற்றில் மட்டும் குறைத்தலையும் பின் இழைகளிலேயே போடுங்கள். அகலம் 4.3 செ.மீ. அளவுக்கு வரும், நூல் 8 மீட்டர் போதும்.

பஞ்சை 9-ஆம் சுற்று முடிந்ததும் அடையுங்கள். பிறகு தயிர் டப்பா மூடியிலிருந்து 3.5 செ.மீ. வட்டம் ஒன்று வெட்டி, லேசாக வளைத்து உள்ளே விட்டு, அதன் மேல் 10, 11, 12 சுற்றுகளைப் போடுங்கள். இந்தத் தட்டு இல்லாவிட்டால் பஞ்சு அடியைப் புடைக்கச் செய்து டைஃபுகு ஆடும்.

கண் வைப்பதானால் 6-க்கும் 7-க்கும் நடுவில், 5 கண்ணி இடைவெளி விட்டு வையுங்கள். கண் கீழே இறங்க இறங்க, தள்ளித் தள்ளிப் போகப் போக முகம் குழந்தை முகமாகும். குஞ்சு போலத் தெரிவது கண் மேலே இருப்பதால்தான். எங்களைக் கேட்டால், வடிவம் சரியாக வந்த டைஃபுகுக்குக் கண்ணே வேண்டாம்.

கேள்வி: ஜப்பானிய அமிகுருமிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஓர் எழுத்தும் புரியவில்லை, படமும் குறிகளும்தான். இதை வைத்துப் போட முடியுமா? பழைய ஆங்கிலப் புத்தகத்தில் ‘டபுள்’ என்று இருந்ததைப் போட்டால் பொம்மை இரண்டு மடங்கு உயரமாகிவிட்டது, அதற்கும் காரணம் சொல்லுங்கள்.
(வாசகி, யாழ்ப்பாணம்)

தாராளமாகப் போடலாம். ஜப்பானியப் புத்தகங்களில் குறிகள் தேசியத் தர நிர்ணயத்தின்படி ஒரே மாதிரி இருக்கும். ஒன்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் எல்லாவற்றையும் படிக்கலாம். மொழி தெரிய வேண்டியதில்லை.

வெற்று நீள்வட்டம் என்றால் சங்கிலி. கறுப்பாக நிரப்பிய சின்ன நீள்வட்டம் ஸ்லிப் ஸ்டிச். பெருக்கல் குறி சிங்கிள். மேலே ஒரு படுகோடு போட்ட கம்பம் ஹாஃப் டபுள். அந்தக் கம்பத்தின் குறுக்கே ஒரு சாய்கோடு இருந்தால் டபுள், இரண்டு இருந்தால் ட்ரெபிள். இந்த இரண்டிலும் சாய்கோடு எத்தனையோ, கண்ணிக்குள் போகும் முன் ஊசியில் அத்தனை முறை நூலைச் சுற்ற வேண்டும். இரண்டு பெருக்கல் குறிகள் கீழே ஒரே புள்ளியில் கூடி மேலே விரிந்தால் கூட்டல். தலைகீழாக, மேலே கூடினால் குறைத்தல். பெருக்கல் குறியின் கீழே சிறு படுகோடு இருந்தால் ஒற்றை இழையில் மட்டும் போட வேண்டும் என்று பொருள்.

படத்தின் நடுவில் ‘வா’ என்று ஒலிக்கும் ஒரு வளைந்த எழுத்து இருக்கும். அது மேஜிக் ரிங். அங்கிருந்து வெளியே போகப் போக 1, 2, 3 என்று சுற்று எண்கள். பக்கத்தில் சிறு அட்டவணை இருக்கும். ஒரு பத்தியில் சுற்று எண், அடுத்ததில் மொத்தக் கண்ணி, அதற்கடுத்து எத்தனை கூடியது அல்லது குறைந்தது. படம் குழம்பினாலும் இந்த அட்டவணையை வைத்தே முழு உருப்படியையும் போட்டுவிடலாம்.

இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். முதலாவது, பல படங்களில் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு சங்கிலியும் முடிவில் ஒரு ஸ்லிப் ஸ்டிச்சும் வரைந்திருக்கும். சுற்றை மூடி மூடிப் போகும் முறை அது. சிங்கிள் குரோஷேயில் அந்தச் சங்கிலி கணக்கில் சேராது. சேர்த்தால் சுற்றுக்குச் சுற்று எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். நீங்கள் சுருளாகப் போட்டால் அந்த இரண்டு குறிகளையும் விட்டுவிடலாம். இரண்டாவது, ஊசி எண். அங்கே 2/0 என்றால் 2 மி.மீ., 3/0 என்றால் 2.3, 4/0 என்றால் 2.5, 5/0 என்றால் 3, 6/0 என்றால் 3.5. எண்ணைப் பார்த்து 4 மி.மீ. ஊசியை எடுத்துவிடாதீர்கள்.

ஆங்கிலப் புத்தகத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் முறையில் ‘டபுள்’ என்று எழுதுவதும் அமெரிக்க முறையில் ‘சிங்கிள்’ என்று எழுதுவதும் ஒரே கண்ணி. உங்களுடையது பிரிட்டிஷ் புத்தகம், நீங்கள் போட்டது அமெரிக்க டபுள். அமெரிக்கப் புத்தகத்தில் ‘சிங்கிள்’ என்ற சொல் நிறைய வரும், பிரிட்டிஷ் புத்தகத்தில் அது பெரும்பாலும் வராது. பார்த்ததும் கண்டுகொள்ள இதுவே அடையாளம். இந்தப் பக்கத்தில் நாங்கள் எழுதுவது அமெரிக்க முறை.

கேள்வி: மிதராஷி டாங்கோவின் மேலே வழியும் பாகை எப்படிப் போடுவது? ஒரு குச்சிக்கு எத்தனை உருண்டை?
(வாசகர், சென்னை)

உருண்டை மேலே சொன்னதுதான், வெள்ளை அல்லது வெளிர்க் கிரீம் நிறம். இந்த டாங்கோவைக் கியோத்தோவில் உள்ள ஷிமொகாமோ ஆலயத்தின் மிதராஷிக் குளத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். குளத்தில் முதலில் ஒரு குமிழி எழுந்து, பிறகு நான்கு எழுந்தன என்பது கதை. அதனால் அந்த மரபில் ஐந்து உருண்டை, உச்சியில் உள்ளது மட்டும் மற்ற நான்கிலிருந்து சற்று விலகி இருக்கும். நான்கு உருண்டைக் குச்சியும் ஜப்பானில் சாதாரணம்தான். ஐந்து போட்டால் அந்த இடைவெளியை மறக்காமல் விடுங்கள், 5 மி.மீ. போதும்.

மேலே ஊற்றுவது சோயா சாஸும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிப் பாகு. நிறம் சாக்லேட் அல்ல, தேனும் பழுப்பும் கலந்தது. இதற்கு ஊசியை 3 மி.மீ.க்கு மாற்றுங்கள். அதே 2.5-இல் போட்டால் பாகு உருண்டையை விடச் சின்னதாகி, தொப்பி போல உட்காரும். 6, 12, 18 என மூன்று சுற்று. நான்காவதில் ஸ்லிப், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள், இந்த ஆறையும் 3 முறை. மூன்று வழிசல் வரும். இரண்டாம் உருண்டைக்குச் செய்யும்போது டபுள் இருக்கும் இடத்தில் ட்ரெபிள் போடுங்கள். எல்லா வழிசலும் ஒரே நீளம் இருந்தால் அது பாகாகத் தெரியாது.

வைக்கும் இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். குச்சி நுழையும் முனையில் பாகைத் தைக்கக் கூடாது. டாங்கோ தட்டில் படுத்திருக்கும், பாகு வானத்தைப் பார்க்கும் பக்கத்தில் விழும். முதலில் குச்சியில் கோத்துப் படுக்க வைத்து, மேலே தெரியும் பக்கத்தில் குண்டூசியால் குத்தி நிறுத்தி, பிறகு தையுங்கள். சுட்ட தழும்புக்கு அடர்பழுப்புத் தையல்நூலில் இரண்டு மூன்று குறுக்குத் தையல் போதும்.

கேள்வி: சகுரா பூ வடிவ இனிப்பு ஒன்று படத்தில் பார்த்தேன். உருண்டையில் ஐந்து இதழ் பிரித்தால் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக வருகிறது.
(வாசகி, திருநெல்வேலி)

அது நெரிகிரி. வெள்ளைப் பயற்று விழுதைப் பசை அரிசி மாவோடு சேர்த்துப் பிசைந்து, கையாலும் முக்கோணமான மரக்கோலாலும் பூ, இலை, பழம் என்று பருவத்துக்கு ஏற்ப வடிப்பார்கள்.

நீங்கள் 6 கண்ணியில் தொடங்கியிருப்பீர்கள். 30-ஐ 5 இதழாகப் பிரிக்கலாம், எண்ணிக்கை சரிதான். ஆனால் கூட்டல்கள் ஆறு கோடுகளாக மேலே ஏறும், இதழ்க் கோடுகள் ஐந்து. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். 5-இல் தொடங்குங்கள்: 5, 10, 15, 20, 25. பிறகு 25-ஆகவே இரண்டு சுற்று. அடுத்து பின் இழையில் 20, பிறகு 15, 10, 5. ஐந்து கூட்டல் என்பது தட்டையாகப் படியப் போதாது, லேசாகக் குவியும். நெரிகிரிக்கு அந்தக் குவிவுதான் வேண்டும். பஞ்சை வழக்கத்தை விடக் குறைவாக அடையுங்கள், இல்லாவிட்டால் நூலை இழுக்கும்போது பள்ளம் விழாது.

மூடியதும் அதே நிற நூலை அடி மையத்திலிருந்து மேல் மையத்துக்கு உள்ளே நேராக எடுத்து, வெளியே கூட்டல் கோட்டின் மேலேயே இறக்கி, மறுபடி அடி மையத்தில் குத்தி இழுங்கள். ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் இழுத்துப் பிடித்து ஒரு சிறு தையல் போட்டு நிறுத்தினால்தான் முந்தைய இழுப்பு தளராது. ஒவ்வொரு இதழுக்கும் விளிம்பில் 5 கண்ணி கிடைக்கும்.

இப்போது இது உமே என்ற ஜப்பானியப் பிளம் பூவா, சகுரா பூவா என்று யாரும் சொல்ல முடியாது. உமே இதழ் முனை உருண்டை. சகுரா இதழ் முனையில் சிறு பிளவு. ஐந்து இதழிலும் நடுக் கண்ணியின் விளிம்பில் 1 கண்ணி உயரத்துக்கு ஒரு குட்டித் தையல் போட்டு உள்ளே இழுங்கள். அந்த ஐந்து தையலில் பூ சகுராவாகிவிடும். நடுவில் மஞ்சள் நூலில் பிரெஞ்சு நாட் என்ற முடிச்சுத் தையல் மூன்று.

கேள்வி: சகுராமோச்சியின் இலை சுருண்டுகொண்டே இருக்கிறது. மோச்சியின் சொரசொரப்பும் வரவில்லை.
(வாசகி, கோவை)

சகுராமோச்சியில் இரண்டு மரபு. தோக்கியோ பக்கம் மெல்லிய மாவு அடையில் அங்கோவைச் சுருட்டுவது, சோமெய்ஜி வகை. கியோத்தோ, ஒசாகா பக்கம் குருணையாக உடைத்த பசை அரிசியை வேகவைத்து உருட்டுவது, டோமியோஜி வகை. சொரசொரப்பு இரண்டாவதற்குத்தான். அதற்குத் தனிப் பின்னல் எதுவும் வேண்டாம். இளஞ்சிவப்பு நூலில் டைஃபுகு கணக்கையே போட்டு, பஞ்சு அடைக்கும் முன் உள்பக்கத்தை வெளியே திருப்பிவிடுங்கள். சிங்கிள் குரோஷேயின் பின்பக்கத்தில் குட்டிக் குட்டிக் கோடுகள் எழும்பி நிற்கும். அரிசிக் குருணை அப்படியே கண்ணுக்குத் தெரியும். திருப்புவதை 9-ஆம் சுற்றிலேயே செய்து, மீதியை உள்முகமாகப் போட்டு முடியுங்கள்.

இலைக்கு 19 சங்கிலி. ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கி 2 சிங்கிள், 3 ஹாஃப் டபுள், 2 டபுள், 5 ட்ரெபிள், 2 டபுள், 3 ஹாஃப் டபுள், கடைசிச் சங்கிலியில் 3 சிங்கிள். சங்கிலியின் மறுபக்கத்தில் 3 ஹாஃப் டபுள், 2 டபுள், 5 ட்ரெபிள், 2 டபுள், 3 ஹாஃப் டபுள், 2 சிங்கிள், ஸ்லிப் ஸ்டிச். மொத்தம் 37 கண்ணி, சுமார் 8 செ.மீ. நீளம்.

சுருளுவதற்குக் காரணம் தொடக்கச் சங்கிலி இறுக்கமாக இருப்பது. சங்கிலியை மட்டும் 3 மி.மீ. ஊசியில் போட்டு, பிறகு 2.5-க்கு மாறுங்கள். அப்படியும் சுருண்டால் நனைத்துப் பிழிந்து, துண்டின் மேல் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். கஞ்சி போடலாம், ஆனால் இலை மோச்சியை அணைத்து வளைய வேண்டும், விறைக்கக் கூடாது.

இலையின் நிறத்தைத் தளிர்ப் பச்சையில் எடுக்காதீர்கள். அது உப்பில் ஊறிய சகுரா இலை, பழுப்பு ஓடிய மங்கல் பச்சை. மே 5 குழந்தைகள் தினத்துக்குச் செய்யும் கஷிவாமோச்சிக்கும் இந்த இலையையே அகலமாக்கிப் போடலாம். அது ஓக் வகை இலை, விளிம்பு உருண்டை உருண்டையாக அலையும். இலையைச் சுற்றி ஒரு கண்ணியில் ஸ்லிப், அடுத்ததில் 3 ஹாஃப் டபுள் என்று போனால் அந்த அலை வரும்.

கேள்வி: வீட்டில் இலவம்பஞ்சு இருக்கிறது. அதையே அடைக்கலாமா?
(வாசகி, போடி)

இவ்வளவு சின்ன உருப்படிக்கு வேண்டாம். இலவம்பஞ்சின் இழை குட்டை, வழுக்கும். கண்ணி இடுக்கு வழியே வெளியே வந்துகொண்டே இருக்கும். நனைந்தால் கட்டி தட்டும், உள்ளே காயாது. பழைய பாலியெஸ்டர் தலையணை இருந்தால் அதைப் பிரித்து உதறிப் போடுங்கள். அடர்நிற இனிப்புகளில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால், பழைய கறுப்புக் காலுறையில் ஒரு துண்டு வெட்டிப் பஞ்சைப் பொதிந்து உள்ளே வையுங்கள்.

கேள்வி: டோராயாகி விளிம்பில் நிறம் மாறும் இடத்தில் படிக்கட்டு போல நிற்கிறது. வட்டமும் அறுகோணமாகிறது.
(வாசகி, வேலூர்)

டோராயாகி என்பது இரண்டு அப்பங்களுக்கு நடுவே அங்கோ வைத்த இனிப்பு. சுருளாகப் போகும்போது சுற்றின் தொடக்கமும் முடிவும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை, அதுதான் படிக்கட்டு. பழுப்பு நிறத்தின் கடைசிக் கண்ணியில், ஊசியில் இரண்டு வளையம் மிஞ்சும்போதே கிரீம் நூலை எடுத்து முடியுங்கள். அடுத்து கிரீமின் முதல் கண்ணியை மட்டும் ஸ்லிப் ஸ்டிச்சாகப் போட்டுத் தொடருங்கள். படி பாதியாகக் குறையும். மிச்சத்தைத் தைக்கும்போது பின்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

அறுகோணம் வருவது கூட்டல்கள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்குவதால். 4-ஆம் சுற்றில் ‘2 கண்ணி, கூட்டல்’ என்பதற்குப் பதில் ‘1 கண்ணி, கூட்டல், 1 கண்ணி’ என்று போடுங்கள். எண்ணிக்கை அதே 24, மூலை மட்டும் இடம் மாறும்.

அப்பம் இரண்டு: 6, 12, 18, 24, 30 பழுப்பில், ஆறாவது சுற்று கிரீமில் 30. அங்கோவுக்கு அடர் மெரூனில் 30 வரை ஒரு தட்டை வில்லை. மேல் அப்பத்தை வில்லையின் முன் இழைகளோடும், கீழ் அப்பத்தைப் பின் இழைகளோடும் கண்ணிக்குக் கண்ணி தையுங்கள். மூன்றிலும் 30 என்பதால் எங்கும் இழுக்காது. பஞ்சு மெல்லிய படலமாக இருந்தால் போதும், நிறைய அடைத்தால் பன் ஆகிவிடும்.

கேள்வி: ஹிஷிமோச்சிக்கு வைர வடிவம் சரியாக வரவில்லை. சதுரத்தைத் திருப்பி வைத்தது போல இருக்கிறது.
(வாசகி, புதுச்சேரி)

மார்ச் 3 ஹினமத்சுரி என்ற பொம்மைத் திருவிழாவில் பொம்மைப் படிக்கட்டில் வைக்கும் அடுக்கு மோச்சி இது. மேலே இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை, அடியில் பச்சை.

நீங்கள் ஒவ்வொரு வரிசையிலும் இரு ஓரத்திலும் கூட்டுகிறீர்கள். கண்ணியின் அகலமும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் முனை ஏறத்தாழ 90 டிகிரியில் விரிகிறது. இரண்டு வரிசைக்கு ஒரு முறை மட்டும் கூட்டினால் 60 டிகிரிக்கு வரும். திருப்பித் திருப்பிப் போகும் வரிசைகளில் எண்ணிக்கை இப்படி: 1, 1, 3, 3, 5, 5, 7, 7, 9, 9, பிறகு 7, 7, 5, 5, 3, 3, 1, 1. பதினெட்டு வரிசை, சுமார் 7 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம். சுற்றி ஒரு வரி சிங்கிள் போட்டு, கூர் முனைகளில் மட்டும் ஒரே இடத்தில் 3 போடுங்கள். நிறத்துக்கு இரண்டு தட்டு. நடுவில் பஞ்சு வேண்டாம், அது மூலையை உருட்டிவிடும். கடையில் கிடைக்கும் 5 மி.மீ. ஃபோம் ஷீட்டை அதே வடிவில் ஓரம் 2 மி.மீ. குறைத்து வெட்டி உள்ளே வைத்துத் தையுங்கள்.

கேள்வி: இரண்டு வயதுப் பேத்திக்குக் கொடுக்கலாமா? துவைத்தால் சிவப்பு வெள்ளையில் இறங்குமா?
(வாசகி, தஞ்சாவூர்)

அந்த வயதுக்குப் பிளாஸ்டிக் கண், குச்சி, பிளாஸ்டிக் தட்டு, எளிதில் பிய்ந்து வரும் எதுவும் வேண்டாம். கண்ணை நூலிலேயே தையுங்கள். 2.5 செ.மீ. டாங்கோ அப்படியே வாய்க்குள் போகும் அளவு, அதுவும் இனிப்பு வடிவம். பேத்திக்கு டைஃபுகுவைத் தட்டு இல்லாமல், இரட்டை நூலும் 4 மி.மீ. ஊசியும் வைத்து அதே கணக்கில் போடுங்கள், உள்ளங்கை அளவுக்கு வளரும்.

சாயம் இறங்குமா என்பதைப் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும். சிவப்பு, மெரூன், அடர்பச்சை நூலில் ஒரு முழம் எடுத்து நனைத்து, வெள்ளைத் துணியில் மடித்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். துணியில் கறை ஏறினால் அந்த நூலை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். துவைப்பது குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில், அமுக்கி அமுக்கி. முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கும். துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, டைஃபுகுவைத் தட்டையான அடி கீழே இருக்கும்படி வைத்து, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் நடுவில் ஈரம் நிற்கும், விரலால் அழுத்திப் பார்த்துச் சில்லென்று இருந்தால் இன்னொரு நாள் விடுங்கள்.